கோல் கம்பத்தருகே நிற்கும் மகளுக்கும்

முதலில் இடது கால் செருப்பு, பிறகு வலது. இரண்டையும் மேசைக்கு அடியில் கால்விரலாலேயே ஒதுக்கிவிட்டு, வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றிக்கொள்கிறார். வெயில் நாளில் அந்தத் தரையில் ஒரு நிமிடம் நிற்பது சாமானியமான காரியம் அல்ல. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறார். தட்டிப் பார்ப்பதில்லை, ஊதிப் பார்ப்பதும் இல்லை. "அதென்ன கதவா, தட்டிப் பாக்குறதுக்கு?" என்பார். கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளியதும் மைதானத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கிக் குழாய்களிலும் ஒரு கரகரப்பு எழுந்து அடங்கும். பிறகு அந்தக் குரல்: "அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்."

பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் அவர் தட்டச்சர். துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் மைக் அக்கா. வயதில் அவருக்கு மூத்தவர்களுக்கும் அக்காதான். நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன். ஆட்ட நாட்களில் மட்டும் நேரம் குறிப்பவன். பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில், தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன அறையில், பதினோரு வருடமாக அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு.

அலுவலகத்தில் அவர் பேசினால் எதிரில் இருப்பவர் காதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவு சன்னமான குரல். மைக் கைக்கு வந்துவிட்டால் அது வேறு ஆள். தொலைந்துபோன குழந்தையை அவர் அறிவிக்கிற விதத்தில் பெற்றவர்களுக்கு முன்னால் மற்றவர்கள் எழுந்து தேடப் போய்விடுவார்கள். வழியை மறித்து நிற்கும் காரின் எண்ணைக்கூட, அந்தக் கார் ஏதோ துக்கத்தில் அங்கே நின்றுவிட்டது போலத்தான் வாசிப்பார். பிளாஸ்கில் வெந்நீர், மைக்கைச் சுற்றிவைக்க ஒரு பூத்துவாலை, வீரர்களின் பெயர்ப் பட்டியல். மேசையில் வேறொன்றும் இருக்கக் கூடாது. என் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தரையில்தான் வைக்க வேண்டும்.

பட்டியல் வாசிக்கும்போது செருப்பு காலில் இருக்கும். ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் எழுப்பி மைக்கில் சொல்லும் வேண்டுதலுக்கு மட்டும்தான் கழற்றுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பட்டியல் யூனிவர்சிட்டியோடது. வேண்டுதல் என்னோடது" என்றார். அதில் எவ்வளவு பெரிய சிக்கல் இருக்கிறது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அந்த வேண்டுதலை யாரும் உத்தரவு போட்டுத் தொடங்கவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஹாக்கிப் பந்து ஒரு மாணவனின் பொட்டில் பட்டுவிட்டது. மைதானத்தில் மருத்துவரும் இல்லை, வண்டியும் இல்லை. "அன்னிக்கு மைக்ல நாலு தடவ டாக்டர் இருக்கீங்களா, டாக்டர் இருக்கீங்களான்னு கேட்டேன். ஒருத்தரும் வரல. அஞ்சாவது தடவ வாய்ல கடவுளேன்னுதான் வந்துச்சு." மூவாயிரம் பேர் எழுந்து நின்றார்களாம். பையன் பிழைத்துக்கொண்டான், ஒரு கண் போயிற்று. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளரே வந்து, "அக்கா, அன்னிக்கு சொன்ன மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

அதற்கப்புறம் மைதானத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது, முதலுதவிக்காரர் வந்தார், ஆனாலும் வேண்டுதல் நின்றபாடில்லை. அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவர். "ஆம்புலன்ஸ்தான் வந்துடுச்சே, கடவுளுக்குக் கொஞ்சம் லீவு குடேன். என் தொழில்ல கண்ண மூடி வேண்டுனா முதல் திருப்பத்துலயே நேர்ல போய்ப் பார்க்க வேண்டியதுதான்" என்பார். அக்கா சிரிக்க மாட்டார். சாப்பாட்டு டப்பாவை மட்டும் கொஞ்சம் வேகமாக மூடுவார்.

பொத்தாம்பொதுவாக வேண்டத் தெரியாது அவருக்கு. விடுப்புக் கடிதங்களை எல்லாம் தட்டச்சு செய்கிறவர் ஆயிற்றே, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சாவு என்று அத்தனையும் அத்துப்படி. எல்லாவற்றையும் அப்படியே கடவுளிடம் ஒப்பிப்பார். ஒருமுறை, "இடது கணுக்கால் வீங்கியிருக்கும் எங்கள் ஏழாம் எண் மகனுக்குப் பலம் கொடு" என்று வேண்டிவிட்டார். எதிரணியும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டுதான் நின்றது. பாதி ஆட்டத்துக்குள் அந்த இடது கணுக்காலில் ஆறு உதை. பயிற்சியாளர் படியேறி வந்து கும்பிடாத குறையாகச் சொன்னார்: "அக்கா, கடவுளுக்கு எல்லாம் தெரியும்க்கா. எதிர்டீமுக்குத் தெரிய வேணாம்." இதைச் சொல்லிச் சொல்லித் துறையே ஒரு வருடம் சிரித்தது. நானும்தான். அந்தச் சிரிப்பிலேயே நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெண்கள் கால்பந்து அணிக்கு இரண்டு வருடம் முன்பு புதிதாக ஒரு கோல்கீப்பர் வந்தாள். நெட்டையான பெண், அதிகம் பேசமாட்டாள். வேண்டுதல் நேரத்தில் மற்ற பத்துப் பேரும் நடு வட்டத்தில் தோள்மேல் கை போட்டு நிற்பார்கள். அவள் தன் கோல் கம்பத்தருகே போய்க் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவாள். முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு கயிறு கட்ட இவ்வளவு நேரமா என்று படிக்கட்டில் ஒன்றிரண்டு பேர் பேசினார்கள்.

அக்காவுக்கு அது வேறு மாதிரி பட்டது. "பாவம், அந்தப் பொண்ணுக்கு என்னமோ மனசு சரியில்ல. தனியாவே நிக்குது பாருங்க" என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொன்னார். சென்ற பருவத்தின் அரையிறுதிக்கு முன்னால் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினார், எல்லோரையும் எழுப்பினார், இரண்டு அணிகளுக்கும் நடுவருக்கும் வேண்டினார். முடிக்கப் போகிற நேரத்தில் ஒரு நொடி நிறுத்தி, குரலை இன்னும் கனிவாக்கி, "கோல் கம்பத்தருகே தனியாக நிற்கும் எங்கள் மகளுக்கும் உன் துணை இருக்கட்டும்" என்றார்.

ஐயாயிரம் தலைகள் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின. குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். கயிறு கையிலேயே இருந்தது. யாரோ விசிலடித்தார்கள். "கும்பிடும்மா, காசா பணமா!" என்று ஒரு குரல். சிரிப்பு. அக்கா மைக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரோடும் சேர்ந்து நானும் திரும்பிப் பார்த்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. அன்று அவள் இரண்டு கோல் விட்டாள். இரண்டும் சாதாரணமாகப் பிடிக்கக்கூடிய பந்துகள். எப்படியோ மூன்று போட்டு எங்கள் அணி தப்பித்தது.

நான்கு நாளில் அந்தப் பெண்ணின் மனு வந்தது. துறை வழியாகப் பதிவாளருக்கு. துறையில் தட்டச்சர் ஒருவர்தான் என்பதால் அதற்கு முகப்புக் கடிதம் அடித்தவரும் அக்காதான். மனுவில் அக்காவின் பெயரே இல்லை. "ஆட்டத்துக்கு முன் யார் வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளட்டும். அது அவரவர் விருப்பம். ஆனால் பல்கலைக்கழகத்தின் ஒலிபெருக்கியில், எல்லோரையும் எழுப்பி நிறுத்தி வேண்டும்போது, எழாதவர், சேராதவர் யார் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். நான் விளையாட வந்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள். அக்கா அதை மூன்று பிரதி எடுத்து, முத்திரை குத்தி, உறையில் போட்டார். "ஒரு எழுத்துப் பிழை விடல" என்றார் என்னிடம். வேறு யாரைப் பற்றியோ பேசுவது போலிருந்தது.

பதிவாளர் பழுத்த மதில் மேல் பூனை. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். "நிறுத்துன்னு உத்தரவு போட்டா ஒரு பக்கம் கத்தும், நடத்துன்னு போட்டா இன்னொரு பக்கம் கத்தும். நீங்களே மனசார நிறுத்திக்கறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன் மேடம்" என்றாராம். அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. தேநீரையும் குடிக்கவில்லை. "நான் செஞ்சது தப்பா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல சார். தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரமே கோல்கீப்பர் துறைக்கு வந்தாள், வருகைச் சான்றிதழ் வாங்க. நான் அங்கே நேரத்தாளுக்காகக் காத்திருந்தேன். அக்கா சான்றிதழை அடித்து முடிக்கும்வரை தட்டச்சு ஓசை ஒன்றுதான். தாளை நீட்டும்போது அவர் கை தாளை விடவில்லை.

"நான் உன்னை என்னம்மா பண்ணேன்? நல்லா இருக்கணும்னுதானே சொன்னேன்."

"தெரியும்க்கா. நீங்க கெட்டது நினைக்கல. ஆனா அத்தன பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க."

"உனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையாம்மா?"

அவள் கோபமே இல்லாமல், "இருக்கோ இல்லையோ, அத நான் ஏன்க்கா ஐயாயிரம் பேருக்குச் சொல்லணும்?" என்றாள்.

"யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?"

"நீங்க மைக்ல எழுந்திருங்கன்னு சொன்னீங்கன்னா, நான் சும்மா நின்னாலே சொன்ன மாதிரி ஆயிடுதுக்கா. வட்டத்துல போய் நின்னா அது ஒரு பதில். நிக்கலைன்னா அதுவும் ஒரு பதில்."

அக்காவின் விரல்கள் தாளை விட்டன. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அக்கா தட்டச்சுப் பொறியில் அடுத்த தாளைச் செருகினார். "என் பொண்ணா இருந்தா அடிச்சிருப்பேன்" என்றார். சற்றுக் கழித்து, "அடிச்சிருக்க மாட்டேன்" என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மனு விஷயம் வெளியே கசிந்து, இரண்டு கட்சியாகிவிட்டது. வேதியியல் துறையில் ஒருவர் அந்தப் பெண்ணுக்காகக் கையெழுத்து வாங்கினார். முன்னாள் மாணவர் சங்கம் அக்காவுக்காகக் கிளம்பியது. சங்கத்தின் தலைவர் கட்டட ஒப்பந்தக்காரர், பருத்த உடம்பும் பருத்த குரலும். இறுதி ஆட்டத்தன்று மூச்சு வாங்கப் படியேறி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தாள். கொட்டை எழுத்தில் அச்சடித்த வேண்டுதல், ஒரு பக்கம் முழுக்க.

"அக்கா, இன்னிக்கு இதத்தான் வாசிக்கணும். வழக்கமா ஒரு நிமிஷம்னா இன்னிக்கு மூணு நிமிஷம். நம்ம ஆளுங்க அத்தன பேரும் எழுந்து நிப்பாங்க. உங்கள எவன் தொடுறான்னு பாத்துடலாம்."

அக்கா தாளை வாங்கிப் படித்தார். தட்டச்சர் கண், ஒவ்வொரு வரியாகத்தான் போகும். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார்.

"அந்த சவுண்டையும் கொஞ்சம் ஏத்தி வைங்க. அந்தப் பொண்ணுக்கு நல்லாக் கேக்கணும்."

அக்கா தலை நிமிர்ந்தார். அந்த அறையில் நான் அதுவரை கேட்டிராத அவருடைய அலுவலகக் குரலில், அவ்வளவு சன்னமாக, "கடவுளுக்குக் கேக்கணுமா, அந்தப் பொண்ணுக்குக் கேக்கணுமா?" என்று கேட்டார்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "ரெண்டு பேருக்கும்தான்!" தாளை மேசைமேல் வைத்து, பிளாஸ்கை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பதிவாளரிடமிருந்து நிறுத்து என்றும் வரவில்லை, நடத்து என்றும் வரவில்லை. படிக்கட்டு நிறைந்து வழிந்தது. அணிகள் இறங்கின. அக்கா மைக்கைத் துவாலையிலிருந்து எடுத்தார். பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். "எண் ஒன்று, கோல்கீப்பர்" என்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னபோது ஒரு மூலையில் ஊளையிட்டார்கள். ஊளை முடியும்வரை அக்கா நிறுத்திவைத்தார். பிறகு அதே பெயரை, முதல் தடவை வாசித்த அதே அளவில், இன்னொரு முறை வாசித்தார். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஊளை திரும்ப வரவில்லை. எண் இரண்டுக்குப் போனார்.

பட்டியல் முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் அந்த வரி வரும். யாரும் சொல்லாமலே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒப்பந்தக்காரரின் வரிசை முழுக்க எங்கள் அறையைப் பார்த்துத் திரும்பி நின்றது. நடு வட்டத்தில் பத்துப் பெண்களும் தோள்மேல் கை போட்டுக் காத்திருந்தார்கள். பதினோராவது பெண் கம்பத்தருகே நின்றாள். இன்றைக்கு அவள் குனியவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடவுள் விஷயத்தில் நானும் மதில் மேல் பூனைதான். ஆனாலும் அந்த நொடியில் யாரையோ வேண்டிக்கொண்டேன்.

அக்கா கட்டைவிரலால் பொத்தானைப் பின்னுக்குத் தள்ளினார். குழாய்களின் இரைச்சல் நின்றது. அணைந்ததா என்று இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். மைக்கைத் துவாலையில் சுற்றி, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி மேசைமேல் படுக்கவைத்தார். நடுவர் ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு விசிலை எடுத்தார்.

மேசைக்கு அடியில், முதலில் இடது கால் செருப்பிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. பிறகு வலது.