ரயரின் வயது

சென்ற வாரம் விபோர்க்கில் கார் ரயர் மாற்றப் போனேன். கடைக்காரர் பழைய ரயரின் பக்கத்தைத் தடவி, பொறித்திருந்த நான்கு இலக்கங்களை வாசித்தார். முதல் இரண்டும் ரயர் செய்த வாரம், மற்ற இரண்டும் ஆண்டு. தொண்ணூறுகளில் மூன்று இலக்கம்தான். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நூலகப் புத்தகத்தில் ஆண்டு பிழையாக இருந்தால் பென்சிலால் திருத்துகிற ஆள் நான். (நூலகரிடம் சொல்லிவிடாதீர்கள்.) அப்படிப்பட்ட நானே இதைப் பிந்தித்தான் அறிந்தேன்.

அந்தப் புது ரப்பர் மணம்தான் பழைய லொறியை நினைவூட்டியது. தொண்ணூறுகளில் ஓகூஸ் துறைமுகச் சரக்கு ஏற்றும் ஒரு சின்னக் கம்பனியில் எனக்கு லொறி ஓட்டும் வேலை. என்னோடு மன்னாரைச் சேர்ந்த சேவியர் அண்ணை. பனிக்காலத்துக்கென்று, பாவித்த பழைய ரயர் தெரிவுசெய்ய முதலாளி என்னை அனுப்பினார், கவனமான ஆள் என்று. குவியலில் ஒவ்வொன்றின் பள்ளத்தையும் அளந்து, குறித்து, ஆழமான நான்கைப் பின்சில்லுகளுக்குப் பூட்டுவித்தேன்.

பெப்ரவரியில் ஒரு வியாழன். ஊரில் அப்போது போர்க்காலம். அண்ணையின் மனைவி இராணுவத்திடம் ஒருநாள் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்து, ஒரு கொமினிகேசன் கடைத் தொலைபேசியிலிருந்து, இங்கத்தைய நேரம் காலை பத்து மணிக்கு, இங்கே அண்ணையின் வீட்டுக்கு எடுப்பதாக ஏற்பாடு. பதினான்கு மாதமாக அண்ணை மனைவியின் குரலைக் கேட்கவில்லை. கதைக்க வேண்டியவற்றைச் ஒரு சரக்குத் துண்டுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தார்.

காலை ஏழேகாலுக்கு, விபோர்க்குக்கு முன்னுள்ள ஏற்றம். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் லொறி. மெதுவாக, முன் வாகனத்தோடு இடைவெளி விட்டு, பனியில் ஓட்டக் கற்றுத்தந்தபடிதான் ஓட்டினேன். பின்சில்லுகள் சும்மா சுழன்றன. பின்னுக்கு வழுக்கி வாய்க்காலில் சரிந்தோம். அண்ணையின் பக்கக் கதவு பனிமேட்டோடு ஒட்டிக்கொண்டது. என் பக்கம் திறந்தபோது பனிப்புயலில் றோட்டும் வானமும் ஒன்றாகத் தெரிந்தன. வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம் என்றது வானொலி. என்னைத் தாண்டி இறங்கி நடக்கப் பார்த்தவரை ஜாக்கெட்டில் பிடித்து இழுத்தேன். கைபேசி இல்லாத காலம். எங்கள் மூச்சு படிந்து கண்ணாடி மூடியது. விரலால் ஒரு வட்டம் துடைப்பார், அதுவும் மூடும்.

பழக்கதோஷத்தில் எட்டு, எட்டரை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நேரம் சொல்லாதையும் ஐசே. மணிக்கூடு என்னட்டையும் கிடக்கு."

பத்துக்கு அந்தத் துண்டுச்சீட்டை எடுத்து மெல்ல வாசித்தார். "பெடியனுக்குச் சப்பாத்து அனுப்பினனான், கிடைச்சதோ? உமக்கு இருமல் நிண்டிட்டுதோ?" ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதிலுக்கு இடம் விட்டார்.

பகல் பன்னிரண்டுக்கு ஒரு கமக்காரர் உழவு இயந்திரத்தால் எங்களை இழுத்தெடுத்தார். ரயரில் நகத்தை அழுத்திப் பார்த்து, இலக்கங்களைக் காட்டினார். ஒன்பது வயது. அதிகம் பாவிக்காமல் கிடந்ததில் பள்ளம் தேயவில்லை, ரப்பர்தான் கல்லாகியிருந்தது.

"எல்லாத்துக்கும் திகதி பாக்கிற ஆள்," என்றார் அண்ணை.

மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு மனைவி திரும்பிப் போனதாகப் பிறகு கடிதம் வந்தது. அடுத்த அழைப்புக்குப் பதினொரு மாதம்.

அந்தக் கம்பனி இன்றில்லை. பாஸ் இல்லை, அந்தக் கடைகளும் இல்லை. அண்ணையும் அவர் மனைவியும் இப்போது டோஸ்ட்ருப்பில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அக்கா, "இஞ்சேருங்கோ" என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு தரமும் கூப்பிட்டார். "ஓம், ஓம்" என்றார் அண்ணை, தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமல்.