மூடிய அறைக்குள் மணல்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், வெயிலைக் கொண்டு காற்றைச் சூடாக்கும் பெட்டி ஒன்றை வடிவமைத்தோம். மேலே கண்ணாடி, அடியில் கறுப்புத் தகடு, காற்றைத் தள்ள ஒரு சின்ன ஃபேன். சூடான காற்று பக்கத்திலுள்ள மூடிய அறைக்குள் போய், தட்டுகளில் ஊற்றிய மாம்பழக் கூழைத் தாண்ட்ரா என்ற இனிப்புப் பாளமாக உலர்த்த வேண்டும். சோதனைக்கு வடமாலபேட்டையில் தாண்ட்ரா போடும் அக்கா ஒருவர் தன் மாடியைக் கொடுத்தார்.

நான் கணக்குப் போட்டதைவிட வேகமாகவே கூழ் காய்ந்தது. கூட வேலை செய்தவருக்குச் சந்தோஷம். எனக்கு உறுத்தியது. அந்தத் தகடு அவ்வளவு சூடு தராது என்பது அதைச் செய்த எனக்குத் தெரியும். சென்சாரைச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன். இரண்டும் சரியாக இருந்தன. கூட வேலை செய்தவரையே ஒருநாள் ஓரக்கண்ணால் கவனித்தேன்.

பிறகு எங்கள் தட்டிலிருந்து அக்கா கொடுத்த துண்டு ஒன்றைக் கடித்தபோது பல்லில் மணல் நெறநெறத்தது. காற்று நுழையும் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தேன். கிழியவில்லை. மூடிய அறைக்குள் மணல் எப்படி வந்தது?

அடுத்த முறை சொல்லாமல் போனேன். மாடியில் எங்கள் தட்டுகளெல்லாம் வெட்டவெளியில் காய்ந்துகொண்டிருந்தன. ஃபேன் காலி அறைக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"இன்னா மா, சொல்லாம வந்துக்கீற?" என்றார் அக்கா.

"எத்தினி நாளா இது?"

"மொதல்லேர்ந்துதான். காலைல உள்ள வெப்பேன். வெயில் ஏறினா வெளிய எடுத்துருவேன். நீங்க வர்றதுக்குள்ள திரும்ப உள்ள."

"ஏன் அக்கா?"

"உன் பொட்டில மேலதான் காயுது, அடில கொழகொழன்னு கீது. ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சிட்டேன். அது தோத்துப் போச்சுன்னா உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

கோபம் வந்தது. என் கணக்கு தப்பவில்லை என்ற நிம்மதியும் கூடவே வந்தது. அதுவரை எடுத்த அளவுகளை எல்லாம் தூக்கிப் போட்டோம். மேல்பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட, அடியிலும் காற்றுப் படும்படி கம்பிவலைத் தட்டுகள் செய்தோம். இந்த முறை அடிவரை காய்ந்தது. முன்பு வந்த வேகம் மட்டும் வரவில்லை.

அந்தச் சோதனை தொடங்கிய அன்று அறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன்.

"எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்றார்.

"இல்ல அக்கா."

பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, துன்னுட்டுப் போ" என்று கீழே இறங்கினார்.