முக்கொம்பில் மூன்று மணி வெயில்

இந்த எண்பத்தைந்தாம் வருடம் ஆடி மாதத்தில் நான் திருச்சிக்குப் போனது கோயில் பார்க்க அல்ல. முக்கொம்பு அணையில் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து காட்டும் ஒரு பெட்டியைப் பொருத்தப் போனேன். உள்ளே 8085 மைக்ரோபிராசசர்; அதற்கான புரோகிராம் நான் எழுதியது. சென்னையில் எங்கள் அலுவலகத்தில் பெண்கள் புரோகிராம் எழுதலாம், ஆனால் அதைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருவது ஆண்கள் வேலை. பல முறை கேட்ட பிறகு, "சரி, இந்த ஒரு தடவை பாப்போம்" என்றார் எங்கள் தலைமைப் பொறியாளர். அந்த ஒரு தடவையில்தான் எல்லாம் இருந்தது. வீட்டில் இதை விளக்கவில்லை. திருச்சியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னேன்.

எழும்பூரில் இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது திருச்சி. தனியாகப் போகும் பெண்கள் மேலச்சிந்தாமணிப் பக்கம் சர்ச்சை ஒட்டியிருக்கும் பெண்கள் விடுதியில் கேட்டுப் பாருங்கள். நாளுக்குப் பதினைந்து ரூபாய், காலை இட்லியோடு. அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். முக்கொம்பு பதினெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் காவிரி கூடவே வரும். மேட்டூர் தண்ணீர் வந்து சேர்ந்த சமயம். ஆறு கரை தொட்டு ஓடியது. முக்கொம்பில் அது காவிரி, கொள்ளிடம் என்று பிரியும் இடத்தில், மதகுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில்தான் என் பெட்டி.

அறைக்குப் பொறுப்பு பிச்சைமுத்து அண்ணன். இத்தனை காலம் சுவரில் வரைந்த அளவுகோலைப் பார்த்து மணிக்கொரு தரம் குறித்து வந்தவர். இனி அந்த வேலையைப் பெட்டி செய்யும். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில்தான். புதன்கிழமை காலை மிதவையை இணைத்து ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு எண்கள் எரிந்தன. ஆறு புள்ளி நாலு அடி. சுவரிலும் அதுவே. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு மேல் பெட்டிக்குப் பித்துப் பிடித்தது. நாற்பத்தேழு அடி என்றது. பிறகு வெறும் கோடுகள். கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் சரியாகும், மறுபடி கெடும். ஐந்தரைக்கு மேல் ஒன்றுமே நடக்காததுபோல ஒழுங்காக ஓடியது.

வியாழனும் அப்படியே. காலை முழுக்க நல்ல பிள்ளை, மூன்று மணிக்குப் பேய். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, தப்பா நெனக்காதீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம் நம்ம ஆபீசரும் இப்படித்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகவர பஸ்ஸில் புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். அசெம்பிளி மொழியில் எழுதியது. எல்லாம் இரண்டு கிலோபைட்டுக்குள். இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பிழை எங்கே ஒளிய முடியும்? அன்று சாயங்காலம் சென்னைக்கு ட்ரங்க் கால் போட்டேன். தலைமைப் பொறியாளர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளி மாலை நாலு மணிக்குப் பொதுப்பணித் துறை அதிகாரி பார்க்க வருகிறார், அதற்குள் முடியாவிட்டால் இரவு ரயிலில் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். "நீங்க வந்துடுங்கம்மா, பரவாயில்ல" என்றார்.

மறுநாள் ஆடி வெள்ளி. நான் போவதற்குள் அண்ணன் மதகுச் சக்கரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, என் பெட்டியையும் அணைத்து மூடியைக் கழற்றி உள்ளேயும் பொட்டு வைத்திருந்தார். உள்ளே இருப்பதை வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று எங்கள் அலுவலகம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தது. அதன்மேல் வைத்திருக்கலாமே என்றேன்.

"மூஞ்சியில வெக்கிறத சட்டையில வெக்க முடியுமா?" என்றார். "இதுக்குத்தான் நடுவுல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கே."

அந்தக் கண் புரோகிராம் இருக்கும் சிப்பின் ஜன்னல். பழைய புரோகிராமைப் புற ஊதா ஒளி காட்டி அழிப்பதற்காக வைத்த வட்டக் கண்ணாடி. அதன்மேல் ஒட்டியிருந்த காகிதம் ரயிலில் எப்போதோ உரிந்து போயிருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஜன்னல் முழுக்க ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். துடைத்தால் சிப்பின் கால்களில் இழுசிக்கொள்ளும். காயட்டும் என்று விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

மூன்று மணிக்கு அறையின் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கிப் பெட்டியின் மேல் விழுந்தது. ஆறு புள்ளி ஏழு. மூன்றேகாலுக்கும் ஆறு புள்ளி ஏழு. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வெயிலைப் பார்த்தேன், சந்தனத்தைப் பார்த்தேன்.

பெட்டியை அணைத்து, காய்ந்த சந்தனத்தை ஈரக் கைக்குட்டையால் மெல்ல எடுத்தேன். "ஐயையோ, ஏன் தங்கச்சி" என்றார் அவர். மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். நாற்பத்தேழு அடி. கட்டைவிரலால் சிப்பின் ஜன்னலை மூடி, ரீசெட் பொத்தானை அழுத்தினேன். ஆறு புள்ளி ஏழு. விரலை எடுத்தேன், கோடுகள். மறுபடி மூடி அழுத்தினேன், ஆறு புள்ளி ஏழு. சிப் அழிந்துவிடவில்லை, அதற்குப் பல நாள் வெயில் வேண்டும். நேர் வெளிச்சம் பட்டபோது உள்ளே இருப்பதைத் தப்பாகக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் என் மேஜையில் வெயிலே விழாது. என் புரோகிராமில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன். அதற்குமேல் அண்ணன் விடாமல் புதிதாகப் பொட்டு வைத்தார். நானும் தடுக்கவில்லை.

அதிகாரி நாலரைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ராத்திரியும் இது பாத்துக்கிட்டே இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். "அப்ப நானும் கொஞ்சம் தூங்கலாம்." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுபடி ட்ரங்க் கால்.

"என்னம்மா கோளாறு? புரோகிராம்ல எங்க?"

"புரோகிராம்ல இல்ல சார். மூடியில."

வெயிலை உள்ளே விட்ட அந்தக் கண்ணாடி மூடி அவருடைய யோசனை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "அடுத்த மாசம் மேட்டூர்ல ஒண்ணு வருது. நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்றார்.

சனிக்கிழமை முழுவதும் என்னுடையது. சத்திரத்திலிருந்து டவுன் பஸ், அறுபது காசு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். தெற்கு ராஜகோபுரத்தில் சாரம் கட்டி ஒவ்வொரு நிலையாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெளிப்பிராகார மணல்வெளியில் நல்ல வெயில். மூன்று நாளாக எனக்கே தெரியாமல் அது எனக்குப் பகையாக இருந்தது. அன்றுதான் முதுகில் பட விட்டுக்கொண்டு மெதுவாக நடந்தேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாமல் கோயிலுக்குள் போவது தனி சுகம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்ரீரங்கத்தில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். முக்கொம்பிலிருந்து திரும்ப ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். ஆடிக் காற்றில் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றோரம் நிற்காதீர்கள். சிப்புகளோடு போகிறவர்கள் பெட்டியை வைக்கும் இடத்தில் எந்த நேரம் வெயில் வரும் என்று முதலில் கேளுங்கள். கறுப்பு டேப் ஒரு ரோல் மறக்காதீர்கள்.

என் ரோலில் முக்கால்வாசி மீதி இருக்கிறது. மேட்டூருக்கு அதுதான் போகிறது, என் பையில்.