மாமியைப் புண்படுத்தியது

ஒருவரைத் தொடாமலே புண்படுத்தலாம் என்பதை எட்டு வயதிலேயே செய்து காட்டியவள் நான்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அப்பாவின் அக்காவான மாமி வன்னியிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தார். மார்க்ஸ் டோர்மோய் பகுதியில், எங்கள் கட்டிடத்திலேயே மேல்மாடியில் ஓர் அறை. யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போன மகனைப் பற்றி மாமிக்கு ஒரு சேதியும் இல்லை. ஆனாலும் அவனுக்கென்று ஒபர்வில்லியே கடையொன்றில் வாங்கிய தடித்த ஜாக்கெட் விலைச்சீட்டோடு கதவுக்குப் பின்னால் தொங்கியது. வந்திறங்கினவுடன் குளிருமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மேலே போனேன். நாலைந்து பெண்கள் மாமியைச் சுற்றியிருந்து அழுதார்கள். தேத்தண்ணீர் வந்தது, குடித்துவிட்டு மறுபடியும் அழுதார்கள். புறப்படும்போது நான் போய்வருகிறேன் என்று சொல்லாமல் சப்பாத்தை மாட்டினேன்.

"மாமிக்குப் போட்டு வாறன் எண்டு சொல்லு," என்றார் அம்மா.

"செத்தவீட்டிலை அப்பிடிச் சொல்லக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

இங்கே பிறந்த பிள்ளைக்கும் முறை தெரியும் என்று காட்டிவிட்ட பெருமை எனக்கு. பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"ஆர் பிள்ளை செத்தது?" என்று மாமி கேட்டார்.

அவன் இருக்கிறான் என்று ஒருத்தியாவது சொல்லியிருக்கலாம்.

"மாமியைப் புண்படுத்திப்போட்டாய்," என்றார் அப்பா. அடிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். ஆசிரியை பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதினார். புண் என்றால் காயம், படுத்து என்றால் உண்டாக்கு. உடம்புக்கு இருந்த சொல்தான் பிறகு மனதுக்கும் வந்ததாம். மாமியின் தோளில் ஷெல் துண்டு பட்ட புண் ஆறித் தழும்பாகியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதுவும் ஆறும் என்று முடிவு கட்டினேன்.

அன்று பின்னேரமே மேலே ஓடி, "பிழை விட்டிட்டன் மாமி," என்றேன். தலையைத் தடவினார். வரும்போது "போட்டு வாறன்" என்று இரண்டு தரம் சொன்னேன். "ஓம்," என்றார்.

அடுத்த வாரம் அந்த ஜாக்கெட்டை என் அண்ணன் போட்டிருந்தான். விலைச்சீட்டை வெட்டிவிட்டு, "குளிருக்குப் போடு தம்பி," என்று மாமியே கொடுத்தாராம். கை கொஞ்சம் நீளம். அம்மா அதை மடித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார்.

அவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமியின் புண் ஆறிவிட்டது என்று நான் சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனேன்.