காலியாக விட முடியாத கட்டம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. நான் வேலை பார்க்கும் உப்புக் கம்பெனி மரக்காணத்தில் மூன்றாவது உப்பளத்தையும் குத்தகைக்கு எடுத்தது. லோடுகளைக் குறித்துவந்த எக்ஸெல் கோப்பு அதற்குமேல் தாங்கவில்லை.
2. புதிய டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்போது மழைக்காலம்.
3. தேர்ந்தெடுத்தேன். உப்புப் பருவம் தொடங்கியதும் அதுவும் ஓடத் தொடங்கியது.
4. அதிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த ரிப்போர்ட்டை வைத்து, பதினேழாம் பாத்தியில் வேலை செய்த மல்லிகா அக்காவையும் அவருடன் இருந்த நான்கு பேரையும் நிறுத்தினார்கள்.
5. ரிப்போர்ட் தவறு.

எக்ஸெல் கோப்பின் கோளாறு எல்லா ஆபீஸிலும் இருப்பதுதான். மூன்று பேர் மூன்று பிரதி வைத்திருந்தோம். ஒருமுறை கோட்டக்குப்பத்து மொத்த வியாபாரி ஒருவர், உப்பில் சேறு கலந்திருக்கிறது என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பினார். அது எந்தப் பாத்தி உப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கோப்பைத் திறந்தால் பாத்தி எண் இருக்க வேண்டிய கட்டங்களில் பாதி காலி.

"மூணு பேரு மூணு பதில் சொல்றீங்க. எனக்கு ஒரே பதில் வேணும்மா," என்றார் முதலாளி.

மூன்று வழிகளை நோட்டில் எழுதினேன். எக்ஸெல்லையே ஒழுங்குபடுத்துவது ஒன்று. எதை எப்படிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் டாக்குமென்ட் டேட்டாபேஸ் இன்னொன்று. மூன்றாவது, விதி வைத்து அட்டவணையாகச் சேமிக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ். வேகம், பேக்கப், செலவு, பின்னால் வளரும் வசதி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். மூன்றாவது வென்றது. ஒரு லோடுக்கு ஒரு பாத்தி எண். அதைக் காலியாக விட்டால் சேமிக்காது என்று விதி வைத்தேன். முதலாளி முன்னால் வேண்டுமென்றே காலியாக விட்டுக் காட்டினேன். சிவப்பு எழுத்தில் மறுத்தது.

"நம்ம ஆளுங்களவிட இது கறாரா இருக்குதே," என்று சிரித்தார்.

உப்பளத்தையும் போய்ப் பார்த்தேன். ஆனால் அது மழை மாதம். எல்லாப் பாத்திகளும் நீருக்கடியில் இருந்தன. நீருக்கு மேலே தெரிந்த வரப்புகளை எண்ணினேன், எண்களை எழுதிக்கொண்டேன், திரும்பிவிட்டேன். உப்பு வாருவதையும் லாரி ஏற்றுவதையும் பார்க்காமலே அதற்கான அட்டவணையை வரைந்தேன்.

பருவம் பாதி போன நிலையில் சேறு கலந்த லோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. எந்தப் பாத்தியிலிருந்து அதிகம் என்று முதலாளி கேட்டார். ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். பதினேழு. மற்ற எதுவும் அருகில்கூட இல்லை.

மறுநாள் மல்லிகா அக்கா ஆபீஸ் வாசலுக்கு வந்தார். முழங்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"ஏம்மா, எங்க உப்புதான் சேறுன்னு உன் கம்ப்யூட்டரு சொல்லிச்சாமே. அது எப்ப வந்து வாயில போட்டுப் பாத்துச்சி?"

"டேட்டா அப்படித்தான் காட்டுதுக்கா."

"காட்டும், காட்டும். வெயில்ல நிக்காத எல்லாமே நல்லா காட்டும்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

புதுக் குழு கிடைக்கும்வரை பதினேழாம் பாத்தியில் யாரும் கால் வைக்கவில்லை. அந்த நாட்களில்தான் இன்னொரு சேற்று லோடு திரும்பி வந்தது. தேடினேன். பாத்தி எண் பதினேழு என்று இருந்தது. அதற்கு முந்தைய நாள் போன லோடும் பதினேழு. ஆளே இல்லாத பாத்தியிலிருந்து லாரி லாரியாக உப்பு போயிருந்தது.

அன்றே லோடு ஏற்றும் இடத்துக்குப் போனேன். பல பாத்திகளில் வாரிய உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்துவந்து ரோட்டோரம் ஒரே குவியலாகக் கொட்டினார்கள். லாரி நிரம்பியது அந்தக் குவியலிலிருந்து. லோடைப் பதிவு செய்பவர் சகாயராஜ் அண்ணன். பதிவு போடும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுல எந்தப் பாத்தி எண் போடுவீங்கண்ணா?"

"பதினேழு."

"ஏன்?"

"ரோட்டுக்குப் பக்கத்துல அதான் இருக்குது. இன்னாம்மா பண்றது? நாலு பாத்தி உப்பு ஒண்ணா கெடக்குது. லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதக் கிழிக்கிறான். உன்னுது காலியா வுட்டா உள்ள வுட மாட்டேங்குது."

"முன்னாடி எக்ஸெல்லுல என்ன போடுவீங்க?"

"தெரிஞ்சா போடுவேன். தெரியலன்னா வுட்டுடுவேன்."

சோம்பல் என்று நான் நினைத்த காலிக் கட்டங்கள் உண்மையாக இருந்தன. அவற்றை ஒழித்துவிட்டு, பொய்யை மட்டும் ஏற்கும் கட்டத்தை நான்தான் கொடுத்திருந்தேன். சகாயராஜ் அண்ணன் யாரையும் மாட்டிவிட நினைக்கவில்லை. கைக்கு எட்டிய எண்ணைப் போட்டார்.

முதலாளியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"புது ஆளுங்களுக்கு வாக்கு குடுத்தாச்சும்மா. அவங்கள இப்ப எப்படி அனுப்புறது? நீ சிஸ்டத்த சரி பண்ணிடு."

மல்லிகா அக்கா பிரம்மதேசம் பக்கம் களையெடுக்கப் போவதாக உப்பளத்தில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் களையெடுப்பதை நிறுத்தவில்லை.

"பதினேழுல இப்ப யாரு?"

சொன்னேன்.

"நாங்க அஞ்சு பேரும் சேறு மேல வராம மிதிச்சி மிதிச்சி கெட்டி பண்ண தரை அது." அடுத்த களையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார்: "முதலாளி திரும்ப வரச் சொன்னாரா?"

"இல்லக்கா."

"அப்ப நீ இன்னாத்துக்கு வந்த?"



டேட்டாபேஸ் தேர்ந்தெடுக்கப்போகும் இளையவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எத்தனை லட்சம் வரி தாங்கும் என்பதைப் பிறகு கேளுங்கள். பதிவு செய்கிறவருக்குப் பதில் தெரியாதபோது அவர் என்ன செய்வார் என்பதை, வேலை நடக்கும் இடத்தில், வேலை நடக்கும் நாளில், அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் போட்ட மதிப்பெண் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை.

இன்றைய நிலை இது. டேட்டாபேஸ் அதேதான். ஒரு லோடுக்குப் பல பாத்திகளைக் குறிக்கலாம். 'தெரியாது' என்றும் குறிக்கலாம். பதினேழு என்று பதிவான பழைய லோடுகளில் எது உண்மை என்று யாருக்கும் நினைவில்லை என்பதால், அவற்றையும் 'தெரியாது' என்று மாற்றிவிட்டேன். சேறு எங்கிருந்து வருகிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பதினேழாம் பாத்தியில் வேறு குழு வேலை செய்கிறது. மல்லிகா அக்காவின் குழுவில் ஒருவரும் திரும்ப எடுக்கப்படவில்லை. ரிப்போர்ட்டில் 'தெரியாது' அதிகமாக இருப்பதால், அடுத்த பருவத்துக்குள் அதை நீக்கிவிடச் சொல்லி முதலாளி இரண்டு முறை கேட்டிருக்கிறார். நான் நீக்கவில்லை.