ஓரமாக ஒதுக்கிவைத்த பட்டியல்

போன வாரம் மைசூரில் ஒரு கூரியர் கடையில் நின்றிருந்தேன். மேசையில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று கரகரவென்று ரசீது அடித்துக்கொண்டிருந்தது. முகவரி தப்பாகிவிட்டது போலும், கடைக்காரர் பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தார். திரும்பப் போட்டால் அதேதான் மறுபடியும் வரும் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். வந்தது. அந்த ரிப்பன் மை வாசனையில் எனக்குச் சிரிப்பும் பழைய கோபமும் சேர்ந்தே வந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகவேண்டிய குளிர் அறையில் ஒரு சர்வர், கதவருகே ஒரு பெரிய பிரிண்டர், இரண்டுக்கும் நடுவே நான். ஆபீஸில் யார் எதை அச்சடிக்கச் சொன்னாலும் அது முதலில் சர்வரில் ஒரு கோப்பாக உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கும். ஸ்பூல் கோப்பு என்போம். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. தன்னுடையதை முன்னால் தள்ளச் சொல்லி மத்தூர் வடையோடு வருவார்கள். வடையைத் தின்பேன், வரிசையைத் தொடமாட்டேன். அந்த வயதில் அப்படி ஒரு திமிர். இப்போது குறைந்துவிட்டதாக வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அச்சாவதை நிறுத்த எல்லோரும் செய்தது ஒன்றுதான். ஓடிவந்து பிரிண்டரை அணைப்பார்கள். காகிதம் நின்றால் காரியம் முடிந்தது என்று நினைப்பு. கோப்பு சர்வரில் பத்திரமாக இருக்கும். நான் அதை அழிக்காமல் ஓரமாக ஒதுக்கிவைப்பேன். அணைத்தவரே மறுநாள் வந்து "அது எங்கேம்மா?" என்று கேட்பார், அதற்காக.

ஒருநாள், ஆட்களை எடுப்பது, நிரந்தரமாக்குவது எல்லாம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் அப்படித்தான் ஓடிவந்து அணைத்தார். பாதி வந்த தாளைக் கிழித்துக்கொண்டு போனார். நானும் என்ன ஏது என்று பார்க்காமல் ஒதுக்கிவைத்தேன். மறுநாள் நோட்டீஸ் போர்டில், பேக்கிங் பிரிவில் நிரந்தரமாக்கப்படுகிறவர்களின் பட்டியல் ஒட்டப்பட்டது.

ஸ்டெல்லா என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவள். ராமாபுரம் என்ற கிராமத்துத் தமிழ்ப் பெண். மைசூரில் அக்கா வீட்டில் தங்கி, மூன்று வருஷமாக பேக்கிங்கில் டெம்பரவரியாக இருந்தாள். அன்று ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "என் பேரு இல்லீங்க்கா. மாசக் கடைசியோட வர வேண்டாம்னுட்டாங்க. ஆபீசரோட சொந்தக்காரப் பொண்ணு, வந்து நாலு மாசங்கூட ஆகல, அவ பேரு இருக்குது."

அந்த மாதம் முடிவதற்குள் சர்வரில் இடம் தீர்ந்துபோனது. எங்கள் பிரிவும் அதே ஆபீசரின் கீழ்தான். "பழைய ஸ்பூலெல்லாம் அழிச்சிடும்மா, ஒண்ணொண்ணாப் பார்த்துட்டு இருக்காதே" என்றார். பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்கும் பிறவியா நான்? ஒன்றொன்றாகத் திறந்தேன். கேன்டீன் மெனு, லீவு லெட்டர்கள், யாரோ திருட்டுத்தனமாக அடித்த கல்யாணப் பத்திரிகை. அப்புறம் அந்தப் பட்டியல். பதினான்காவது பெயர் ஸ்டெல்லா. சொந்தக்காரப் பெண் அதில் எங்கும் இல்லை.

கோபம் வந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் வந்தது பயம். நானும் டெம்பரவரி. ஆனாலும் மூன்று பிரதி என்று கொடுத்து வரிசையில் விட்டேன்.

எந்தக் கோப்பை அச்சடித்தாலும் முன்னால் ஒரு தாளில் அனுப்பியவர் பெயரும் தேதியும் கொட்டை எழுத்தில் வரும். எல்லோரும் அதைக் கிழித்துக் குப்பையில் போடுவார்கள். நான் போடவில்லை. போர்டில் ஒட்டுவதற்கு முந்தின நாள் இந்தப் பட்டியலை அனுப்பியது ஆபீசரேதான் என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டாவது பிரதி பாதியில் இருக்கும்போது ஆபீசர் உள்ளே வந்தார். தாளைப் பார்த்தார். பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார்.

"அணைச்சா போகாது சார். திரும்பப் போட்டதும் மொதல்லேர்ந்து வரும்" என்றேன்.

"யார்கிட்ட பேசறேன்னு கொத்தா உனக்கு?" தெரியுமா என்பது கோபத்தில் கன்னடத்தில் வந்தது.

"தெரியும் சார். உங்க பேருதான் மேலேயே பெரிசா வந்திருக்கே."

வந்த பிரதியை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் பேக்கிங்குக்கு நடந்தேன். ஸ்டெல்லாவும் மற்றப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு ஜெனரல் மேனேஜர் அறை முன்னால் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் அவள் பெயர் போர்டில் ஏறியது. என்னை வாசல் கேட்டில் உட்காரவைத்து, வருகிறவர் போகிறவர் பெயரை எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கமாட்டேன்.

தொழிற்சாலை கைமாறிவிட்டது. அந்தக் குளிர் அறை இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்காம். ஸ்டெல்லாவின் மகள் அதே பேக்கிங்கில் இருக்கிறாள். காண்ட்ராக்டர் போனில் செய்தி அனுப்பினால் போவாள், அனுப்பாவிட்டால் வீட்டில் இருப்பாள். வீட்டுக்கு வந்தவளிடம், எப்போது பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று கேட்டேன்.

"அந்த மாதிரி லிஸ்ட்டே இப்ப போடறதில்ல ஆன்ட்டி" என்றாள்.

அழிப்பதற்குக்கூட ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"அப்ப பேக்கிங் பொண்ணுங்க நீங்களே சேர்ந்து ஒண்ணு எழுதுங்க. உன் பேரை மொதல்ல போடு."