கேள்விக்காரம்மாவின் பதில்

செத்தவர்களைப் பற்றி இருப்பவர்களிடம் கேட்பது அவளுடைய வேலை.

வீட்டில் சாகிறவர்கள் எதனால் செத்தார்கள் என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதனால் ஆராய்ச்சி நிலையம் வீட்டுக்கே ஆள் அனுப்பும். காய்ச்சல் இருந்ததா, இருமல் இருந்ததா, கால் வீங்கியதா, மூச்சு வாங்கியது நடந்தாலா படுத்தாலா என்று வரிசையாகக் கேட்டு, கையிலுள்ள டேப் திரையில் பதிலை அழுத்த வேண்டும். பதில்களைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒரு காரணம் சொல்லும். அப்படிச் சேர்ந்த காரணங்களை வைத்துத்தான் எங்கே மருந்து வேண்டும், எங்கே தண்ணீர்க் குழாயை மாற்ற வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். மேலே இருப்பவர்களை அவள் பார்த்ததில்லை.

சம்பளச் சீட்டில் அவள் களப்பணியாளர். தெருவில் கேள்விக்காரம்மா. தூரத்தில் அவள் தலை தெரிந்தாலே காய்கறிக் கடைக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

"என்னம்மா, என்னைத் தேடியா வந்தீங்க? நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்கறேன்."

"எனக்கொண்ணும் அவசரமில்ல. நீங்க நிதானமா வாங்க. இப்போதைக்கு அரைக் கிலோ வெங்காயம் போடுங்க."

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். பதிலை எடுத்துக் கொடுக்க மாட்டாள். எதிரே இருப்பவர் அழுதால் அழட்டும், சுவரைப் பார்த்தால் பார்க்கட்டும், அவளும் அதே சுவரைப் பார்ப்பாள். பொய் சொன்னால் பொய்யை அழுத்துவாள். தூக்கு மாட்டிக்கொண்டவன் அவளிடம் வயிற்றுவலியில் செத்திருக்கிறான். குடித்தே போனவன் மஞ்சள் காமாலையில் போயிருக்கிறான். சொன்னதை எழுது, திருத்தாதே என்பது விதி. பொய் எந்த இடத்தில் வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த இடம் வந்ததும் வீட்டுக்காரர்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே புருஷனிடம் சொல்வாள். "இன்னிக்கு ரெண்டு பொய்."

"உண்மை எத்தனை?"

"அது தெரியல."

புருஷனுக்கும் தெருவில் ஒரு பெயர் இருந்தது. றெக்கைக்காரர். காற்றாலைகளின் இறக்கைகளைப் பழுது பார்க்கும் யார்டில் வேலை. காற்றும் மழையும் அரித்த இறக்கைகளைக் கழற்றி லாரியில் கொண்டுவந்து கிடத்துவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம் இருக்கும். அரித்த ஓரத்தைக் கிரைண்டரால் தேய்த்து, கண்ணாடி நார்த்துணியைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். தேய்ப்பதுதான் பாதி வேலை. மேலே தார்ப்பாய் மட்டும் கட்டிய திறந்த இடம். தூசி வெள்ளையாகப் பறக்கும். துணி மாஸ்க் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது தோசைக்கல் துடைத்த துணி மாதிரி ஆகிவிடும் என்பார்.

மகள் அதே காற்றாலைகளைத் திரையில் பார்க்கிற வேலையில் இருந்தாள். எந்த ஆலை எவ்வளவு மின்சாரம் தருகிறது, எது குறைகிறது, ஏன். அப்பா தேய்த்து அனுப்பிய இறக்கைகள் அவளுக்கு எண்கள். "எப்படிம்மா சுத்துது நம்மாளு?" என்று ஒரு இறக்கையைப் பற்றி விசாரிப்பார், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிக் கேட்பது போல. "நல்லா சுத்துதுப்பா" என்பாள். அவ்வளவுதான் அவர்கள் தொழில் பேச்சு.

யார்டில் இருமல் அதிகம் என்று ஆராய்ச்சி நிலையம் அந்த ஆட்களின் ரத்தமும் சளியும் எடுத்துத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. தூசியால் வருகிற நோய் என்று தெரிந்தால் நான்கு பக்கமும் அடைத்த கொட்டகையும் தூசியை உறிஞ்சும் குழாயும் போட்டே ஆக வேண்டும். யார்டுக்காரர்கள் சிகரெட் என்றார்கள். அதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். இருவரும் ஊதித் தள்ளியவர்கள். கம்ப்யூட்டர் இருவரையும் புகையின் கணக்கில் வைத்தது.

மூன்றாவதாகப் போனவர் றெக்கைக்காரர். ஒரு காலை நேரம், நாற்காலியில். படுத்தால் மூச்சு முட்டியதால் கடைசி மாதங்களில் நாற்காலிதான் கட்டில். மகள் காபி ஆற்றிக்கொண்டு வந்தபோது அதைக் குடிக்க அவர் இல்லை.

ஒரே தூசியில் நின்ற ஆட்களில் சிலருக்கு மட்டும் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாவது ஏன் என்று நிலையத்தின் இன்னொரு மாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரபணுவில் ஏதாவது இருக்கலாம் என்று மகளின் ரத்தத்தைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தாள். கேள்விக்காரம்மா ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சைப் பிரித்துக் குப்பையில் போட்டாள்.

சொந்த வீட்டுச் சாவை அவளே விசாரிக்கக் கூடாது. பக்கத்து வட்டத்துக்காரரை அனுப்புவதாகச் சொன்னார்கள். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். எல்லோருக்கும் இன்னும் கண்டக்டர்தான். கேள்வி கேட்பதும் டிக்கெட் கிழிப்பது போலத்தான் இருக்கும். அவருக்கு வேலை பழக்கியது அவள்தான்.

அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நெட்டை வந்தான். புருஷனோடு ஒரே இறக்கையின் மறுபக்கம் நின்று தேய்த்தவன். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, உட்காராமல் நின்றான்.

"அண்ணி, நாளைக்கு சிகரெட் கேள்வி வரும்ல?"

"வரும்."

"இல்லைன்னு சொல்லிடுங்க."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை விடவில்லை.

"ரெண்டு பேரைப் புகைன்னு எழுதிட்டாங்க. அண்ணனையும் எழுதினா கதை முடிஞ்சுது. கொட்டகையாவது குழாயாவது. தார்ப்பாய் கூட புதுசா மாத்த மாட்டானுங்க."

"சிகரெட் குடிச்சது ரத்தத்துல தெரியாதா?"

"அவர்கிட்ட எடுத்தப்போ அவரு நிறுத்தியே நாளாச்சு. மூச்சே இழுக்க முடியல, இதுல புகைய எங்க இழுக்கறது?" இருமினான். இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். "நான் வாயில வச்சதே இல்ல அண்ணி. என்னை வச்சு நிரூபிக்கலாம்தான். ஆனா என் கணக்கு வரணும்னா நான் சாகணும். அவ்வளவு நல்லவன் இல்ல நானு."

"உக்காரு தம்பி. டீ போடறேன்."

"ஒரு வார்த்தை அண்ணி. இல்லைங்கற ஒரே வார்த்தை. ஊர்ல எல்லாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

அது சரிதான். எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவளும் அழுத்தியிருக்கிறாள்.

மறுநாள் கண்டக்டர் வந்தார். நிறைய வியர்த்திருந்தது. மகள் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். நெட்டையும் வந்து வாசல் ஓரமாகச் சாய்ந்து நின்றுகொண்டான்.

"உங்களுக்குத் தெரியாததா அக்கா. பாதியை நானே போட்டுடறேன். சும்மா உங்களைக் கஷ்டப்படுத்திக்கிட்டு..."

"எல்லாத்தையும் கேளுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

கண்டக்டர் டேப்பை மடியில் நிமிர்த்தினார். "இறந்தவர் ஆணா, பெண்ணா?"

"ஆணுன்னு நம்பித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணேன்."

மகள் சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு அது. உடனே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

காய்ச்சல் இல்லை. கால் வீங்கவில்லை. எடை குறைந்தது. எல்லாவற்றுக்கும் டிக்கெட் கிழிந்தது.

"மூச்சுத் திணறல் எப்போ ஆரம்பிச்சது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தவர்கள் மீது அவளுக்கு உள்ளூரக் கோபம் வந்ததுண்டு. கூடவே இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போகும் என்று. இப்போது அவளே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மாதம் பிடிபடவில்லை.

"மாடிப்படில பாதியில நின்னு தெருவைப் பாக்க ஆரம்பிச்சார்" என்றாள் கடைசியில். "வேடிக்கை பாக்கறார்னு நெனச்சேன். நானும் கூட நின்னு பாத்திருக்கேன்."

"அதை மாசக் கணக்குல சொல்லணும் அக்கா."

"தெரியலன்னு போடுங்க."

அழுத்தினார். அடுத்ததைப் பார்த்தார். வாசித்துக்காட்டும்போது தலையை நிமிர்த்தவில்லை.

"இறந்தவர் புகைபிடிப்பாரா?"

நெட்டை நிலையிலிருந்து முதுகை எடுத்தான்.

கண்டக்டர் காத்திருந்தார். சுவரைப் பார்த்தார். அவள் பழக்கியது.

யார்டிலிருந்து வரும் வழியில் புருஷன் கழிவுநீர்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து புகைப்பார். வீட்டுக்குள் நுழையும்போது வாயில் புதினா மிட்டாய் இருக்கும். அவள் முகம் பார்த்துப் பேசாமல் நேரே குளியலறைக்குப் போவார். கல்யாணமான புதிதிலேயே அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது அவருக்கு அவள் கொடுத்த சின்னச் சலுகை. மிட்டாய் தீர்ந்துபோனால் மளிகையோடு சேர்த்து அவளே வாங்கி வைத்ததும் உண்டு. அவரும் எப்படி வந்தது என்று கேட்டதில்லை.

இல்லை என்று சொல்லலாம். குரலை உயர்த்தக் கூடத் தேவையில்லை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு கொட்டகை வரலாம். வாசலில் நிற்கிறவன் இன்னும் சில வருடம் இருமாமல் இருக்கலாம். எல்லாம் சரி. ஆனால் பாலத்துக் கட்டையும் புதினா மிட்டாயும் இல்லாத ஒருவர் அந்த டேப்புக்குள் செத்துப்போவார். அவர் யாரோ. அவளுடைய ஆளுக்கு ஒரு தடம் கூட இருக்காது.

"குடிப்பார்."

"அண்ணி!" என்றான் நெட்டை.

கண்டக்டர் அழுத்தினார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

அது அவளுக்குத் தெரியவில்லை. மிட்டாய்களை எண்ணலாம், சிகரெட்டை எண்ண முடியாது. "தெரியல. நாலஞ்சு இருக்கும்."

"நாலஞ்சா?" நெட்டை உள்ளே வந்துவிட்டான். நிலை தலையில் இடித்தது, அதைக் கவனிக்கவில்லை. "யாரு சொன்னது? ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு. அதுலயும் பாதிய அணைச்சு மறுநாளைக்குன்னு காதுல சொருகிக்குவாரு. கஞ்சன் மாதிரி. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நாலஞ்சாம்!"

"ஒண்ணுன்னு போடவா?" என்றார் கண்டக்டர்.

"அரைன்னு போடுங்க" என்றான் நெட்டை. கண் கலங்கியிருந்தது.

"அரை போட இதுல இடமில்லப்பா."

கடைசியில் ஒரு காலி இடம் வரும். நடந்ததைச் சொந்தக்காரர் தன் வார்த்தையில் சொல்லலாம். பெரும்பாலும் இரண்டு வரிதான் சொல்வார்கள். நல்லவர், போய்ச் சேர்ந்துவிட்டார். கேள்விக்காரம்மா சொல்ல ஆரம்பித்தாள். அவர் வேலை உடுப்பை மற்ற துணியோடு சேர்த்துத் துவைத்தால் மகளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. அதனால் தனி வாளி. அந்த வாளியின் அடியில் ஒவ்வொரு முறையும் அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாகத் தங்கும். தொட்டால் விரலில் மினுங்கும், குத்தும். பேண்ட்டின் மடிப்பை உதறினால் ஒரு கரண்டி தேறும். தலையணை உறையில் இருந்தது. அவர் இருமித் துப்பியதிலும் இருந்தது. பாலத்தில் அரை சிகரெட்டும் குடித்தார், அதையும் எழுதுங்கள்.

கண்டக்டரின் கட்டை விரல் ஓடி ஓடி நின்றது. "அக்கா, இந்த இடத்தை கம்ப்யூட்டர் படிக்காது. உங்களுக்கே தெரியும்."

"டாக்டர் படிப்பார்."

"எந்த டாக்டர்?"

"யாராவது ஒருத்தர். எழுதுங்க."

எழுதினார். எழுதி முடித்து டேப்பை மூடி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நன்றி சொன்னார். நெட்டை அதற்கு முன்பே போய்விட்டிருந்தான். அவனுக்கு வைத்த டீ அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் கண்டக்டர் போனில் கூப்பிட்டார். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொன்னார். "புகைன்னுதான் வந்திருக்கு அக்கா."

"ம்."

"மனசுல வச்சுக்காதீங்க."

"வேற எங்க வச்சுக்கறது?" என்று போனை வைத்தாள்.

அன்று மூன்று வீடு இருந்தது. போனாள். முதல் வீட்டில் ஒரு பெண் தன் அண்ணன் குடித்ததே இல்லை என்று குரலை உயர்த்திச் சொன்னாள். கேள்விக்காரம்மா இல்லை என்று அழுத்தினாள். மற்ற இரண்டு வீட்டிலும் என்ன கேட்டாள் என்று திரும்பி வரும்போது நினைவில்லை. கால் வலித்தது. வீட்டில் பொய் எத்தனை என்று கேட்க ஆளில்லை.

வாசலில் நெட்டை நின்றிருந்தான். கையில் இறுக்கி முடிந்த பிளாஸ்டிக் பை.

"கேள்விப்பட்டேன்" என்றான்.

"என்ன பண்ணச் சொல்ற தம்பி?"

"திட்ட வரல." பையை நீட்டினான். "இந்த வாரம் முழுக்க போட்டது. பேண்ட்டு, சட்டை, மாஸ்க். எதையும் துவைக்கல. பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே விடல, மாடிலதான் வச்சிருந்தேன். செத்தாத்தான் கேப்பீங்கன்னா, நான் இன்னும் சாகல. இதுகிட்ட கேக்கச் சொல்லுங்க அண்ணி."

மகள் உள்ளேயிருந்து வந்து பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மடிப்புகளில் மினுங்கியது. "பிரிக்காதம்மா" என்றாள். "அப்படியே கொண்டு போ. பிரிச்சா வீட்டுத் தூசின்னுடுவாங்க." முடிச்சின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, அதன் மேல் தேதி எழுதிக் கொடுத்தாள்.

நிலையத்தில் பேண்ட் வாங்கிக்கொள்ளும் இடம் எதுவும் இல்லை. ரத்தத்துக்கு ஒரு ஜன்னல், சளிக்கு ஒரு ஜன்னல். இரண்டிலும் தலையாட்டினார்கள். யார்டு ஆட்களைக் கவனிக்கும் டாக்டரின் அறை மூன்றாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். அறை வாசலில் மேசை போட்டிருந்த பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தாள்.

"வாங்கம்மா. யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. அதுக்குள்ள டாக்டரைப் பாக்கணும்."

"மீட்டிங்ல இருக்காரே. நேரமாகும்."

"ஆகட்டும்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே சுவர் இருந்தது.